நெடிது வாழ்ந்த நங்கை: ழான் கல்மான் அம்மையார்

மக்கள் இறைவன்பால் வேண்டும் பேறுகள் பல. கல்வியும் செல்வமும் நோயின்மையும் நன்மக்களும் வேண்டி நிற்போர், அவை யாவற்றையும் துய்ப்பதற்கு இடமாய் அமைவது நீண்ட ஆயுளே எனக் கருதி, அதனையே முதற்கண் வேண்டுவர். இல்லந்தோறும் பெரியோர் சிறியோரை வாழ்த்துங்கால், நூறாண்டு வாழ்தல் வேண்டுமென்றே வாழ்த்துகின்றனர். திருமறையும் தாய் தந்தையரைப் போற்றுவார்க்கு வாழ்நாளின் நீட்டிப்பையே பரிசாகக் காட்டுகின்றது. ஆயின், அவ்வாழ்த்து முற்றும் பலித்துவிடின், பெற்றவர்க்கு யாது நேரும் என்பதனை யாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனை எண்ணிப் பார்த்தற்கு ஏற்றதொரு வாழ்க்கையையே ஈண்டுச் சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் நாடாண்டோரையும், நூலியற்றினோரையும், பிறர்க்கெனத் தம் உயிரை ஈந்தோரையும் தேர்ந்துகொள்ளுதல் மரபு. யாம் எடுத்துக்கொண்ட ழான் கல்மான் அம்மையார் இவ்வகையினருள் எவரையும் சார்ந்தவரல்லர். பிரான்சு நாட்டில் ஒரு சிறு நகரிற் பிறந்து, அந்நகரிலேயே வாழ்ந்து, அந்நகரிலேயே மறைந்தவர். எனினும், பிறப்பும் இறப்பும் ஆவணங்களால் உறுதிசெய்யப்பெற்ற மக்களுள் இவரினும் மிக்க வயது வாழ்ந்தார் இதுகாறும் ஒருவருமிலர். அவர் வாழ்ந்தது 122 ஆண்டும் 164 நாளும் ஆகும்.

பிறப்பும் இளமையும்

பிரான்சு நாட்டின் தென்பாகத்தில், ரோன் ஆற்றங்கரையில், ஆர்ல் என்னும் பழம்பதி உளது. உரோமர் கட்டிய வட்டரங்கு ஒன்று இன்றும் அந்நகரின் நடுவே நின்று அதன் பழமையைப் பறைசாற்றுகின்றது. அந்நகரில் 1875-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 21-ஆம் நாள் நம் அம்மையார் பிறந்தார். தந்தையார் நிக்கோலா கல்மான் மரக்கலம் கட்டும் தொழிலினர். தாயார் மார்கரீத் ழீல், மாவரைக்கும் ஆலை நடத்திய குடும்பத்தினர். இக்குடும்பத்தினர் பலர்க்கு நீண்ட வாழ்நாள் வாய்த்திருந்தது. தந்தையார் 90 வயது கடந்தும், தாயார் 86 வயதும், தமையனார் பிரான்சுவா 97 வயதும் வாழ்ந்தனர். ஆகவே, அம்மையாரின் நெடுவாழ்விற்குக் குடிவழியும் ஒரு காரணமென அறிஞர் கருதுதல் பொருத்தமேயாம்.

அவர் பிறந்த காலத்தை நம் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுதல் நலம். அவர் பிறந்த மறு ஆண்டாகிய 1876-இலேதான் தொலைபேசிக்கு அமெரிக்க நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்கப்பெற்றது. பாரிசு மாநகரின் ஐபெல் கோபுரம் 1889-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்றபொழுது அவர் 14 வயதுச் சிறுமியாயிருந்தார். மோட்டார் வண்டியும் வானூர்தியும் தோன்றாத காலத்திற் பிறந்தவர், மக்கள் சந்திரனிற் கால் வைத்ததனையும் கண்டு, அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்திருந்தார்.

பதினாறாம் வயதளவும் கல்வி பயின்று, பின்னர் இல்லத்தில் இருந்தவாறே ஓவியமும் பியானோ இசையும் பழகினார். இளமையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைத் தம் முதுமையில் அவர் பன்முறை எடுத்துரைத்ததுண்டு. 1888-ஆம் ஆண்டு வின்சென்ட் வான் கோ என்னும் ஓவியர் ஆர்ல் நகருக்கு வந்து தங்கினார். உறவினர் ஒருவரின் துணிக்கடையில் அவரைத் தாம் கண்டதாகவும், அழுக்குடை உடுத்து, இன்முகமும் இன்சொல்லும் இல்லாதவராக அவர் தோன்றியதாகவும் அம்மையார் சொல்லுவார். உலகமெல்லாம் வியக்கும் ஓவியரை ஒரு சிறுமியின் கண் இவ்வாறே கண்டது. பெயரும் புகழும் பின்னர் வருவன. உடனுறையும் மக்கள் காண்பது உடையும் நடையுமே என்பதனை இதனால் அறிகின்றோம்.

இல்லறம்

1896-ஆம் ஆண்டு ஏப்பிரில் திங்கள் 8-ஆம் நாள், தம் 21-ஆம் வயதில், பெர்னான் கல்மான் என்பாரை அம்மையார் மணந்தார். இவர் உறவு முறையினர். மணமக்கள் இருவர்க்கும் தந்தைவழிப் பாட்டன்மார் உடன்பிறந்தோர், பாட்டிமாரும் உடன்பிறந்தோரே. ஆதலின் மணத்திற்குப் பின்னும் அம்மையாரின் குடும்பப் பெயர் மாறவில்லை. கணவனார் நகரின் நடுவில் பெரியதொரு ஜவுளிக்கடை நடத்திய செல்வர். கடையின் மேல் மாடத்தே அவர்கள் இல்லம் அமைந்திருந்தது.

ஏவலர் பலர் இருந்தமையின், வீட்டு வேலையோ வெளி வேலையோ செய்ய வேண்டிய நிலை அம்மையார்க்கு என்றும் நேர்ந்ததில்லை. டென்னிசு ஆடுதல், சைக்கிள் ஊர்தல், நீந்துதல், சக்கரக் காலணி பூண்டு சறுக்குதல், கணவனாருடன் வேட்டைக்குச் செல்லுதல், மலையேறுதல், பியானோ வாசித்தல் ஆகிய இவற்றிலே நாட்கள் கழிந்தன. இதனை மறைத்துக் கூறுதல் நேர்மையன்று. உழைத்து உழைத்து உடல் தேய்ந்த ஏழை மாதர் பலர் அக்காலத்து அந்நாட்டிலும் இருந்தனர். அவர்களுக்குக் கிட்டாத ஓய்வும் நல்லுணவும் திறந்தவெளிக் காற்றும் இவருக்குக் கிட்டின. நெடுவாழ்வு அவர்தம் நல்லொழுக்கத்திற்குக் கிடைத்த கூலியென்று யாம் கொள்ளுதல் தகாது. அவர் புகை பிடித்தலும் உண்டு. திராட்சை மது அருந்துதலும் உண்டு. சாக்லேட்டுத் தின்பண்டத்தில் அவர்க்கிருந்த விருப்போ மிகப் பெரிது. நம் மாணவர் இவற்றை ஆயுள் நீட்டிக்கும் மருந்தெனக் கொள்ளாதிருப்பாராக!

துன்பங்கள்

1898-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இவ்விருவர்க்கும் இவோன் என்னும் பெண்மகவு பிறந்தது. அவர்க்குப் பிறந்த மகவு அவ்வொன்றேயாம். இவோன் வளர்ந்து, படைத்துறை அலுவலராகிய யோசேப்பு பில்லோ என்பாரை 1926-இல் மணந்தார். அவ்வாண்டின் இறுதியிலேயே பிரெடரிக் என்னும் பேரன் பிறந்தான். குடும்பத்தின் இன்பம் நிறைவெய்திய காலம் இதுவே.

நிறைவு நெடிது நிற்கவில்லை. நுரையீரலைப் பற்றிய நோயினால், 1934-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 36 வயதளவில் இவோன் இறந்தார். தம் 58-ஆம் வயதில் ஒரே மகளை அம்மையார் அடக்கஞ்செய்தார். பேரனுக்கு அப்பொழுது வயது ஏழு. தாயிழந்த அச்சிறுவனைத் தாமே வளர்க்கும் பொறுப்பினை அம்மையார் ஏற்றுக்கொண்டார். இதுகாறும் ஏவலர் செய்யத் தாம் இருந்து உண்டவர், பாட்டியாயிருந்தும் மீண்டும் தாயானார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. போர் நடந்துகொண்டிருக்கையில், 1942-ஆம் ஆண்டு, கணவனாரும் மறைந்தார். கெட்டுப்போன செர்ரிப் பழங்களை உண்டமையால் அவர்க்கு இறுதி நேர்ந்ததென்பர். 46 ஆண்டுகள் உடன் வாழ்ந்த துணை நீங்கியது. 1944-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆர்ல் நகர்மீது குண்டுகள் வீழ்ந்தன. வான் கோ குடியிருந்த மஞ்சள் வீடும் அக்காலத்துக் குண்டு வீச்சிற் சிதைந்தது. அம்மையார் இளமையிற் கண்ட நகரின் தோற்றமே மாறிவிட்டது.

பேரனோ பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து மருத்துவனாயினான். மருமகனாராகிய பில்லோவும் மனைவியை இழந்தபின் வேறு மணம் புரியாது மாமியாருடனேயே வாழ்ந்து வந்தார். 1963-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், மோட்டார் விபத்து ஒன்றிற் சிக்கிப் பிரெடரிக்கும் மாண்டான். அவனுக்கும் அப்பொழுது வயது 36. அவனுக்கு மக்கள் இல்லை. இதற்கு முந்திய ஆண்டாகிய 1962-இல் தமையனாரும் மறைந்திருந்தார்.

இவ்விடத்துச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். அம்மையார்க்கு அப்பொழுது வயது 88. மகளைப் புதைத்த அதே வயதிற் பேரனையும் புதைத்தாயிற்று. தம் குருதி வழியில் தாம் ஒருவரே எஞ்சினார். நெடுநாள் வாழ்கவென நாம் வாழ்த்துங்கால், நம்மினும் இளையோர் பலரை அடக்கஞ்செய்க என்பதும் அவ்வாழ்த்தினுள் அடங்கியிருத்தலை யாம் உணர்வதில்லை. பிறர் எவரேனும் இந்நிலையில் இறப்பை வேண்டியிருப்பர். அம்மையார்க்கோ, அவர் அறியாதவாறு, இன்னும் 34 ஆண்டுகள் எஞ்சியிருந்தன.

தனிமை

பேரன் இறந்து ஈராண்டு கழிந்தபின், 1965-ஆம் ஆண்டு, ஓர் ஒப்பந்தம் நிகழ்ந்தது. அது பின்னர் உலகெங்கும் பேசப்பட்டது. பிரான்சு நாட்டில் முதியோர் வீடு விற்கும் முறை ஒன்று உண்டு. வாங்குவோர் முழு விலையையும் ஒருங்கே கொடுப்பதில்லை; விற்பவர் உயிரோடிருக்குமளவும் திங்கள்தோறும் ஒரு தொகை அளித்து வருவர்; விற்பவர் இறந்தபின்னரே வீடு வாங்கினோர் கைக்கு வரும். பத்திரங்களை எழுதி உறுதிசெய்யும் நோட்டரி ஒருவர் இம்முறையில் அம்மையாரின் இல்லத்தை வாங்க இசைந்தார். அவர்க்கு வயது 47. அம்மையார்க்கு வயது 90. திங்களுக்கு 2,500 பிராங்கு அளித்தல் வேண்டுமென்பது உடன்பாடு. சில ஆண்டுகளில் வீடு தம் கைக்கு வருமென அவர் எண்ணியிருத்தல் இயல்பே.

ஆண்டுகள் பத்தும் இருபதும் சென்றன, முப்பதும் சென்றன. வாங்கியவர் தம் 77-ஆம் வயதில், 1995-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இறந்துபோயினார். அதற்குள் அவர் செலுத்திய தொகை ஏறத்தாழ 9,00,000 பிராங்கு. அது வீட்டின் விலையினும் இருமடங்கிற்கு மேற்பட்டதென்பர். அவர்தம் மனைவியார் அதன்பின்னும் செலுத்தி வந்தார். நாளை நடப்பது நம் கையிலதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதின்று.

அம்மையாரோ தம் 85-ஆம் வயதில் வாட்போர்ப் பயிற்சி தொடங்கினார். நூறு வயதளவும் சைக்கிள் ஊர்ந்தார். 1975-ஆம் ஆண்டு நூறாம் பிறந்தநாள் வந்தபொழுது, தம்மை வாழ்த்தியோர்க்கு நன்றி கூற நகரெங்கும் நடந்தே சென்றார். துணையின்றித் தம் வீட்டில் தனித்தே வாழ்ந்தார். குளிர் மிகுந்த ஒரு பருவத்தில், உறைந்துபோன கருவி ஒன்றைச் சூடேற்ற முயன்றபொழுது வீட்டிற் சிறு தீ மூண்டது. இனித் தனித்திருத்தல் இயலாதென்று கண்டு, 1985-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், 110 வயது நிரம்பச் சில நாட்களே இருக்கையில், அந்நகரிலுள்ள முதியோர் இல்லம் ஒன்றிற் சேர்ந்தார்.

முதியோர் இல்லத்தில்

அங்கு அவர் நடத்திய அன்றாட வாழ்க்கையை அவரை ஆராய்ந்த மருத்துவ அறிஞர் எழுதி வைத்துள்ளனர். யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு முதற்காரணம் அக்குறிப்பேயாம். காலை 6.45 மணிக்கு அவரை எழுப்புவர். எழுந்ததும் பலகணியருகே அமர்ந்து நெடுநேரம் இறைவனை வேண்டுவார். அவ்வேண்டுதல் யாதொன்றையும் கேட்பதன்று. தாம் உயிரோடிருத்தற்காகவும், புலர்கின்ற அழகிய நாளுக்காகவும் நன்றி செலுத்துவதேயாம். அதன்பின், நாற்காலியில் இருந்தவாறே, காதில் இசை கேட்டுக்கொண்டு, கையையும் காலையும் மடக்கி நீட்டி உடற்பயிற்சி செய்வார்.

நன்றி செலுத்துதல் நம் போன்றோர்க்கு எளிது. தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் தோழரும் சூழ இருந்து, ஆண்டவனுக்கு நன்றி கூறுகின்றோம். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுதலும் எளிதே. கணவரும் மகளும் பேரனும் மண்ணிற் சென்றபின், கண்ணொளி மங்கிச் செவி மந்தப்பட்ட நிலையில், பலகணியண்டை அமர்ந்து, இன்னொரு நாள் கிடைத்ததே என நன்றி கூறுதல் எத்தகைய நெஞ்சிற்கு இயலும்? அவரைத் துறவி என்றோ தூயர் என்றோ எவரும் கூறார். ஆயினும், தூயோர்க்கும் அரிதாகிய இதனை அவர் நாள்தோறும் செய்து வந்தார்.

1990-ஆம் ஆண்டு சனவரித் திங்களிற் கீழே வீழ்ந்து தொடையெலும்பு முறிந்தது. 114 வயது கடந்த உடலில் அறுவை மருத்துவம் செய்தனர். பிழைத்தெழுந்தார்; எனினும், அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. தம்மால் மாற்றலாகாத ஒன்றைக் குறித்துக் கவலுதல் வீண் என்பது அவர்தம் கொள்கை. 117-ஆம் வயதளவிற் புகை பிடித்தலை விட்டொழித்தார். அதுவும் உடல் நலங் கருதியன்று. பார்வை குன்றியமையின் பற்றவைக்கப் பிறரை நாட வேண்டியிருந்தது. பிறரை அவ்வாறு வேண்டுதற்கு அவர்தம் மனம் இசையவில்லை.

புகழும் ஐயமும்

வான் கோ ஆர்ல் நகர்க்கு வந்த நூறாம் ஆண்டினை 1988-இற் கொண்டாடியபொழுது, அவரை நேரிற் கண்ட முதியவர் ஒருவர் உளரெனக் கேட்டுச் செய்தித்தாளினர் வந்து குழுமினர். அவ்வாண்டிலேயே உலகில் உயிரோடிருப்போருள் மூத்தவர் என்னும் பெயரும் அவரை அடைந்தது. 1990-இல் வெளிவந்த வான் கோ பற்றிய திரைப்படம் ஒன்றில் அவர் தாமாகவே தோன்றினார். 1996-இல், 121-ஆம் பிறந்தநாளை ஒட்டி, அவர்தம் குரல் இசையுடன் தட்டிற் பதிவாகி வெளிவந்தது. பேரன் இறந்த நாளிற் கல்மான் என்னும் பெயர் ஆர்ல் நகரெல்லைக்கு அப்பால் எவரும் அறியாததாயிருந்தது. அவர் வேறொன்றும் செய்திலர், வாழ்ந்தார், புகழ் தானே தேடி வந்தது.

புகழ் வரின் ஐயமும் உடன்வருதல் இயல்பு. அவர் மறைந்து 21 ஆண்டுகள் சென்றபின், 2018-இல், இரசிய நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் ஒரு கருத்தினை வெளியிட்டனர். 1934-இல் இறந்தவர் மகளல்லர், தாயே. மரபுரிமை வரி செலுத்துதலினின்று தப்பும்பொருட்டு மகள் தாயின் பெயரைப் பூண்டு வாழ்ந்தார் என்பது அவர் கூற்று. முன்னரே அம்மையாரை ஆராய்ந்திருந்த ழான் மரி ரோபின், மிசேல் அலார் ஆகிய இருவரும் வேறு அறிஞர் இருவரும் சேர்ந்து 2019-இல் இதற்கு மறுப்பு எழுதினர். பிறப்புப் பதிவும், கோயிற் பதிவும், பன்முறை எடுத்த குடிக்கணக்கும் ஒன்றோடொன்று இயைந்திருத்தலை அவர்கள் எடுத்துக்காட்டினர்.

ஆவணங்களை விடுத்து, இயல்பறிவினாலேயே இதனை ஆராயலாம். அவ்வாறு ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பின், கணவனார் தம் மகளையே மனைவியென ஊரார்க்குக் காட்டி எட்டாண்டு வாழ்ந்திருத்தல் வேண்டும். தமையனார் 28 ஆண்டுகள் அதற்கு உடன்பட்டிருத்தல் வேண்டும். ஏழு வயதுச் சிறுவன் தாயைப் பாட்டியென அழைக்கப் பழகி, என்றும் வாய் தவறாதிருத்தல் வேண்டும். கடைக்கு நாள்தோறும் வந்துபோன சிறிய நகரத்து மக்கள் அனைவரும் கண்மூடியிருத்தல் வேண்டும். இவையெல்லாம் ஒருங்கே நிகழ்தல் அரிதினும் அரிது.

இவ்வையம் அம்மையாரின் புகழை மட்டும் பறிக்க முயன்றதன்று. மகளை அடக்கஞ்செய்த தாயின் துயரத்தையும் அது பொய்யாக்குகின்றது. 1934-ஆம் ஆண்டின் அக்கல்லறையில் அவர் இட்டது தம் நெஞ்சின் ஒரு பாகம். அதனை இல்லையென்று கூறுதல், ஆண்டுகளை எண்ணுவோர் மனிதரை மறந்தமைக்குச் சான்றாகும்.

இறுதி

1997-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 4-ஆம் நாள், அம்முதியோர் இல்லத்திலேயே அம்மையாரின் உயிர் நீங்கிற்று. அவர் இவ்வுலகிற் கண்ட நாட்கள் 44,724. ஆர்ல் நகரின் திரேங்கத்தாய் இடுகாட்டிலே அவர்தம் உடல் அடக்கஞ்செய்யப்பெற்றது. அதன்பின் இதுகாறும் 120 வயதை எட்டியவராக உறுதிசெய்யப்பெற்றார் எவருமிலர். அவர்க்கு அடுத்து நிற்பவர் ஜப்பான் நாட்டுக் கானே தனாகா அம்மையார். அவர் 119 ஆண்டும் 107 நாளும் வாழ்ந்து 2022-ஆம் ஆண்டு ஏப்பிரில் திங்களில் மறைந்தார்.

திருமறையில் இறந்த வயது குறிக்கப்பெற்ற பெண்பாலார் ஒருவரே. அவர் ஆபிரகாமின் மனைவியாராகிய சாராள். அவர் வாழ்ந்தது 127 ஆண்டு. மோசே 120 ஆண்டு வாழ்ந்தார். நம் அம்மையாரின் வயது இவ்விருவர்க்கும் இடைப்பட்டது. சாராளுக்கு முதுமையில் மகன் பிறந்தான். இவர்க்கு முதுமையிற் பேரன் இறந்தான். மோசே தம் மக்களை வழிநடத்தி, மலைமேல் நின்று வாக்குத்தத்த நாட்டினைக் கண்டார். இவர் தம் பலகணியருகே அமர்ந்து, புலரும் நாளினைக் கண்டார். ஒப்பு நோக்கின் இவர் சிறியவரே. எனினும், நாட்களை எண்ணும் அறிவினை வேண்டிய மோசேயின் விண்ணப்பத்திற்கு இவர் வாழ்வும் ஒரு விளக்கமாகும் என்று யாம் துணிகின்றோம்.

யாம் இருபது வயதும் நிரம்பாதோர். எமக்கு எத்துணை ஆண்டுகள் உள என்பதனை யாம் அறியோம். 47 வயதில் வீடு வாங்க ஒப்பந்தஞ் செய்தவரும் அறிந்திலர். நீண்ட வாழ்நாள் கேளாமல் வருவது, கேட்டும் வாராதது. வந்தவிடத்தும் அது தனித்து வருவதில்லை; பிரிவையும் உடன்கொண்டே வருகின்றது. ஆகவே, இனி எம் மூத்தோர் எம்மை நூறாண்டு வாழ்கவென வாழ்த்துங்கால், அவ்வாழ்த்தை வணங்கி ஏற்பதோடு, அவ்வாண்டுகள் கொணர்வனவற்றைத் தாங்கும் நெஞ்சினையும் அருளுமாறு இறைவனை வேண்டுவோம். ஆர்ல் நகரத்து முதுமகளார் அத்தகைய நெஞ்சினைப் பெற்றிருந்தார். நூறாண்டு கடந்தும் ஒவ்வொரு காலையையும் புதியதோர் ஈவாகவே அவர் ஏற்றுக்கொண்டார். இன்று காலை எமக்கும் அவ்வீவு கிடைத்தது. அதற்கு நன்றி கூறினோமா?